கண்ணில் பட்ட இரும்பும் ஒரு வீண் பயணமும்

விடியற்காலை ரயிலில் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் போய், எம்.ஆர்.ஐ. அறைக் கதவுவரை அப்பாவைக் கொண்டுசேர்த்து, ஸ்கேன் எடுக்காமலே திரும்பி வந்தோம். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அப்பாவுக்கு பார்கின்சன் என்ற நடுக்குவாத நோய் வந்து ஐந்து வருடம் ஆகிறது. இந்த நோயில் நடுமூளையின் ஒரு பகுதியில் இரும்பு கூடுகிறது. அதை 3 டெஸ்லா (காந்த பலத்தின் அளவு) எம்.ஆர்.ஐ.யில் பார்க்கும் ஆய்வு ஒன்றில் அப்பா சேர்ந்தார். விளக்கத்தாள், தேதி எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தன. உடம்பில் உலோகம் உண்டா என்று கேட்கும் தாள் மட்டும் வரவில்லை.

அதை அங்கே கவுண்டரில்தான் கொடுத்தார்கள். பேஸ்மேக்கர் இல்லை, கிளிப் இல்லை, ஸ்க்ரூ இல்லை என்று நானே அவசரமாக டிக் போட்டேன். உள்ளே போகும் முன், ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராபர் அப்பாவிடம் மலாயில் கேட்டார்: இரும்பு அறுக்கிற வேலை ஏதாவது செய்தீர்களா?

“22 வருசம் தோட்டத்து ரப்பர் ஆலையில ஃபிட்டர். ஒருமுறை இரும்பு தேய்க்கிற கிரைண்டர் பொடி கண்ணுல தெறிச்சு, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர்தான் எடுத்துவிட்டார்” என்றார் அப்பா.

கதவு திறக்கவில்லை. அந்த ரேடியோகிராபர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கேட்டதால்தான் அப்பா தப்பித்தார். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிட சுமார் 60,000 மடங்கு பலமானது, ஸ்கேன் ஓடாதபோதும் அது அணைந்திருப்பதில்லை. கண்ணுக்குள் பொடி மிச்சமிருந்து அசைந்தால் பார்வையே போகலாம். ஆனால் இந்த ஒரு கேள்வியை முந்தின வாரமே போனில் கேட்டிருக்கலாமே!

சரி, எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்று ஓடினேன். ஆய்வுக்கு வந்தவருக்கு நோயாளி எண் இல்லை, எண் இல்லாமல் எடுக்க முடியாது என்றார் அங்கிருந்த கிளார்க். கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் வேறு கட்டடத்தில். இந்த அலைச்சலில் மாத்திரை நேரம் தவறி, அப்பாவுக்கு நடுக்கம் கூடிவிட்டது. அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கும்போது எனக்கு அழுகை வந்தது.

ஈப்போவில் எக்ஸ்ரே எடுத்து அனுப்பினோம். அதையும் ஏற்கவில்லை. மண்டையோட்டுக்கு என்று எடுத்திருந்தார்கள். கண்குழிக்கு என்று கேட்டு எடுக்க வேண்டும், கண்ணை மேலே பார்த்து ஒன்று, கீழே பார்த்து ஒன்று. படம் மட்டும் போதாது. ‘உலோகம் இல்லை’ என்று, படத்தைப் பார்த்துச் சொல்லும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட் எழுதிய ரிப்போர்ட்டும் வேண்டும். வெல்டிங், கிரைண்டிங், லேத் வேலை செய்த அப்பாவோ மாமாவோ இருந்தால், டிக்கெட் எடுக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

அந்த ரிப்போர்ட்டோடு போன இரண்டாவது முறை, மாத்திரை நேரத்தைச் சொல்லி அதற்கேற்ற நேரமாகக் கேட்டு வாங்கினேன். காதை அடைத்து, தலைக்கு இருபுறமும் ஸ்பாஞ்ச் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது.

அப்புறம் அங்கிருந்த ஆய்வாளரிடம், உறவினர்கள் அனுப்பும் ஸ்டெம் செல் (உடம்பில் செலுத்தும் மூல உயிரணு) சிகிச்சை விளம்பரங்களைப் பற்றிக் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். இரும்பு தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குலைப்பதால் அந்த இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். அதை வைத்தே, உயிரணுக்களில் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களை ஏற்றி, உடம்பில் செலுத்திய பின் எங்கே போகின்றன என்று ஆய்வில் பின்தொடர்கிறார்கள். ஆனால் அந்த உயிரணு செத்தாலும் துகள் அங்கேயே கிடக்கும். வேறு உயிரணு அதை விழுங்கிக்கொள்ளும். கரும்புள்ளி தெரிவதால் மட்டும் செலுத்திய உயிரணு உயிரோடு இருக்கிறது என்று சொல்ல முடியாது. அந்த விளம்பரங்களுக்கு இனி நான் பணம் அனுப்பப் போவதில்லை.

அடுத்த வருடம் மறுபடி ஸ்கேன் இருக்கிறது. இடையில் கண்ணில் இரும்பு பட்டால் எக்ஸ்ரேயும் மறுபடி எடுக்க வேண்டுமாம். ரிப்போர்ட்டை மூன்று நகல் எடுத்து அப்பாவின் ஐசி (அடையாள அட்டை) நகலோடு வைத்துவிட்டேன். கொல்லையில் கிடந்த கிரைண்டரை மறுநாளே சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.