அடுத்த பஸ்

எங்கள் குழந்தைகள் சிகிச்சை மையத்தின் நேர அட்டவணையைப் போடுவது டவுன் பஸ்தான். ஒன்பதரைக்கு ஒரு பஸ், பதினொன்றே காலுக்கு ஒரு பஸ். பஸ் வந்த ஐந்தாவது நிமிடம் வராந்தா நிறைந்துவிடும். ஒரு கட்டைப்பை, ஒரு ஃபிளாஸ்க், தோளில் முகம் புதைத்துக்கொண்ட ஒரு குழந்தை. 2021-ல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று ஆன பிறகு, மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்த அம்மாக்கள் சிலர் வாரம் ஒருமுறை வர ஆரம்பித்தார்கள். எங்கள் துறைக்காக யாரும் போட்ட திட்டமில்லை அது. ஆனால் எங்கள் குழந்தைகள் பலர் நடந்ததில் அந்த பஸ்ஸுக்கும் பங்கு உண்டு.

சேலம் பக்கத்தில் ஓர் அரசு மருத்துவமனை வளாகம். அங்கே ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் நடக்கும் குழந்தைகள் மையத்தில் நான் பிசியோதெரபிஸ்ட். 2013-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் போய்ப் பரிசோதிக்கும் குழு ஒன்று உண்டு. அவர்கள் சந்தேகப்படும் குழந்தைகளும், பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீட்டுக்குப் போன குழந்தைகளும் எங்களிடம் வருவார்கள். கழுத்து நிற்காதவர்கள், உட்காராதவர்கள், நடக்காதவர்கள். எல்லோரும் கொண்டுவருவது ஒரே கேள்வியைத்தான்.

"எப்ப மேடம் நடப்பான்?"

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கேள்விக்கு மாதக் கணக்கில் பதில் சொல்வேன். சுவரில் அட்டவணை இருக்கும், விரலை வைத்துக் காட்டுவேன். மூன்று நான்கு மாதத்தில் கழுத்து, ஐந்து ஆறில் குப்புற விழுதல், எட்டுக்குள் உட்காருதல், ஒரு வயதையொட்டி நடை. இதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் இந்த மாதங்களெல்லாம் சராசரிகள் என்பதை நானே முழுதாக உணர்ந்திருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான குழந்தைகள் பிடிமானமில்லாமல் நடக்க ஆரம்பித்த வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை இருந்தது. ஒன்பது மாதத்துக்கும் மேற்பட்ட இடைவெளி! ஒரு குழந்தை நடந்து, ஓடி, பீரோவில் ஏறி விழுந்த பிறகுதான் இன்னொன்று எழுந்தே நிற்கும். இரண்டும் சரியான குழந்தைகளே. அதே ஆய்வில் 4 சதவீதத்துக்குச் சற்று அதிகமான குழந்தைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை.

மாதக் கணக்கு போடுவது நமக்குப் புதிதுமில்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரை, ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி, பதின்மூன்றாம் மாதத்துக்கு வருகை என்று வகுத்தே வைத்திருக்கிறார்கள். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது செங்கீரை என்றால் என்னவென்று எனக்கு உறைக்கவில்லை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றி, தலையையும் முகத்தையும் நிமிர்த்தி ஆடுவது. வேலைக்கு வந்த பிறகு ஒருநாள் பாயில் ஒரு குழந்தை அப்படியே எம்பிப் பார்த்தபோது 'அட, செங்கீரை' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மா கீரைக்கட்டு எங்கே என்று தேடினார். எந்தப் புலவரோ தரையில் உட்கார்ந்து வெகுநேரம் ஒரு குழந்தையைப் பார்த்திருக்கிறார். மடங்கிய கால் எது, நீட்டிய கால் எது என்பது வரை பார்த்திருக்கிறார்.

நான் அப்படிப் பார்க்கத் தவறிய கதை ஒன்று இருக்கிறது.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு சிறுமி வந்துகொண்டிருந்தாள். கூடவே அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, வருவார், மடியில் சிறுமியின் தம்பி. ஏழு மாதம், கொழுகொழுவென்று இருப்பான், எதைக் கண்டாலும் சிரிப்பான். என் மேஜையிலிருந்த கிலுகிலுப்பையை நீட்டினால் இடது கையால் 'லபக்'கென்று பிடுங்குவான். வலது பக்கமாக நீட்டினாலும் உடம்பைத் திருப்பி இடது கையால்தான் வாங்குவான். "அவங்க தாத்தன் மாதிரியே பீச்சாங்கைக்காரன் கண்ணு" என்று அம்மாயி பெருமையாகச் சொன்னார். நானும் சிரித்தேன். "கிரிக்கெட்ல நல்லா வருவான் ஆயா" என்றும் சொன்னேன். அந்த வாக்கியம் இன்றும் என் காதில் கேட்கிறது.

ஒரு வயதுக்கு முன் எந்தக் குழந்தையும் ஒரு கையைத் தீர்மானமாகத் தேர்ந்தெடுத்துவிடாது. அப்படித் தேர்ந்தெடுத்தால், இன்னொரு கைக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். கல்லூரியில் படித்தது, தேர்வில் எழுதியது. ஆனால் அன்று அவன் என் நோயாளி இல்லை, அக்காவோடு வந்த தம்பி. என் கண் விடுமுறையில் இருந்தது.

நான்கு மாதம் கழித்து அவனே என் பாய்க்கு வந்தான். தவழவில்லை என்று அழைத்து வந்திருந்தார்கள். இடது கையால் தரையை இழுத்து இழுத்து முன்னே போனான். வலது கை மடங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் இருந்தது. வலது கால் பின்னால் இழுபட்டது. ஸ்கேனில், வலது கைகாலை இயக்கும் மூளையின் இடது பகுதிக்குப் பிறப்பையொட்டி ரத்தம் போகாததால் உண்டான பழைய தழும்பு தெரிந்தது. அந்தத் தழும்பை நான் தடுத்திருக்க முடியாது. ஆனால் மூளை வேகமாக இணைப்புகளைப் போட்டுக்கொள்ளும் வயதில் நான்கு மாதம் என்பது சின்ன விஷயமல்ல. அவன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். முன்பே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க மேடம்" என்றார்.

அதற்குப் பிறகு 'எப்போது' என்ற கேள்வி எனக்கு இரண்டாம் பட்சம் ஆகிவிட்டது. குழந்தை எப்படிக் குப்புற விழுகிறது? இரண்டு பக்கமும் புரள்கிறதா, ஒரே பக்கமா? மூன்று மாதம் தாண்டியும் கை மூடியே இருக்கிறதா? படுக்கையிலிருந்து கைபிடித்து எழுப்பினால் தலை கூடவே வருகிறதா, பின்னால் தொங்குகிறதா? நிற்க வைத்தால் கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்கின்றனவா? பத்து மாதத்தில் செய்துகொண்டிருந்ததைப் பன்னிரண்டில் விட்டுவிட்டதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். பதினெட்டு மாதமாகியும் நடக்காவிட்டாலும் அப்படித்தான். "அவங்க அப்பனும் ரெண்டு வயசுலதான் நடந்தான்" என்று யார் சொன்னாலும் சரி. உண்மையாகவே சில குடும்பங்களில் எல்லோரும் தாமதமாகத்தான் நடக்கிறார்கள். அது பரிசோதித்த பிறகு கிடைக்க வேண்டிய ஆறுதல், அதற்கு முன்னால் அல்ல.

குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் நேர்மாறான வேலை. முப்பது வாரத்தில் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் ஆகிறது என்றால் என் கணக்கில் அதற்கு மூன்றரை மாதத்துக்குச் சற்று மேல்தான். முன்கூட்டிப் பிறந்த பத்து வாரத்தைக் கழித்துவிடுவேன், இரண்டு வயது வரைக்கும். இதைச் சொன்னதும் சில அம்மாக்களின் முகத்தில் தெரியும் நிம்மதிக்கு ஈடான மருந்து என் அலமாரியில் இல்லை.

அலமாரியில் இருப்பவை ஒரு பெரிய ரப்பர் பந்து, இரண்டு உருளைத் தலையணை, ஒரு சாய்வு மெத்தை, ஒரு நிலைக்கண்ணாடி. எல்லாம் நல்ல பொருட்கள்தாம். ஆனால் வாரத்துக்கு முக்கால் மணி நேரம் நான் செய்வதால் ஒரு குழந்தை உட்கார்ந்துவிடாது. மீதி நேரமெல்லாம் அது வீட்டில் இருக்கிறது. எனவே என் கேள்விகள் வீட்டைப் பற்றியவை. பகலில் குழந்தை எங்கே இருக்கும்?

பெரும்பாலும் மடியில். இல்லையென்றால் தூளியில். அதுவும் இல்லையென்றால் வாக்கரில். தரையில் மட்டும் இருக்காது. சளி பிடிக்கும், அழுக்கு, எறும்பு, முட்டிக்கொள்ளும். குப்புறப் போட்டால் மூக்கு நசுங்கிவிடும் என்ற பயம் வேறு. பயத்தைக் கேலி செய்து பயனில்லை. தூங்கும்போது மல்லாக்கத்தான் போட வேண்டும், அதில் அவர்கள் பயம் நியாயமே. விழித்திருக்கும்போது, பால் குடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, யாராவது பக்கத்தில் இருக்கையில், ஒரு துண்டைச் சுருட்டி மார்புக்கு அடியில் வைத்துக் குப்புற விடுங்கள் என்பேன். இரண்டு நிமிடம் போதும். அழுதால் எடுத்துவிடுங்கள், அப்புறம் இன்னொரு இரண்டு நிமிடம். அதுவும் முடியாதா? அம்மா சாய்ந்து படுத்துக்கொண்டு தன் மார்பின் மேல் போட்டுக்கொள்ளலாம். அம்மா முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்காத குழந்தை அபூர்வம். பொம்மை வாங்காதீர்கள் என்றும் சொல்வேன். ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தரையில் உருட்டிவிட்டால் போதும். எங்கள் மையத்தில் பேட்டரி நாயைவிட அதற்குத்தான் மவுசு.

நம் வீடுகளில் உள்ள எல்லாப் பழக்கத்தையும் குறை சொல்வதும் எனக்குப் பிடிக்காது. குழந்தையை இடுப்பில் வைத்துத் தூக்குகிறோமே, கால்கள் இரண்டும் அகன்று, முதுகைத் தானே நிமிர்த்திக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் குழந்தை தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கால் இறுகிப் பின்னிக்கொள்ளும் குழந்தைகளுக்கு அதுதான் நாங்கள் சொல்லும் முதல் பயிற்சி. பக்கத்தை மாற்றி மாற்றித் தூக்கினால் போதும். இடுப்பளவு குழி தோண்டி மண்ணில் நிற்க வைக்கும் வழக்கத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. மண் நிறுத்துகிறது, குழந்தை நிற்பதில்லை.

வாக்கரும் அதே கதைதான். உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் சக்கர வாக்கரில் குழந்தை தொங்குகிறது, நுனிக்காலால் உந்துகிறது, படிக்கட்டில் உருள்கிறது. கனடா 2004-ல் அதன் விற்பனையையே தடைசெய்தது. திருவிழாக் கடையில் விற்கும் மர நடைவண்டி அப்படியல்ல. அதில் உடல் எடை குழந்தையின் காலில்தான் இருக்கும். வண்டி வேகமாக ஓடினால் மேலே ஒரு செங்கல்லைக் கட்டிவிடுங்கள். நடைவண்டி கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுத் தள்ளச் சொல்லுங்கள். கீச் கீச்சென்று கத்தும் செருப்பு வேண்டாம். வழவழ டைல்ஸில் சாக்ஸும் வேண்டாம், வெறுங்கால் போதும். தவழும் பெண் குழந்தைக்குப் பாவாடை போடாதீர்கள், முட்டி துணியில் சிக்கி முகம் குப்புற விழும். இதை நான் சொல்லாத நாளில்லை. வெள்ளிக்கிழமையானால் பட்டுப்பாவாடையோடு ஒரு குழந்தையாவது வந்துவிடும்.

துணி என்றதும் ஒரு தையல்காரம்மா ஞாபகத்துக்கு வருகிறார். அவர் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி மரபணுக் குறைபாடு. தசைகள் தளர்வு, உட்கார்ந்தால் கால்கள் தவளை போல இரு பக்கமும் சாய்ந்துவிடும். இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் இரண்டு வயதையொட்டித்தான் நடப்பார்கள். அதற்குள் கால்களை அகட்டியே வைத்துப் பழகிவிட்டால் பிறகு நடையும் அகன்றே இருக்கும். தொடைகள் விலகாதபடி இறுக்கமான கால்சட்டை ஒன்று வேண்டும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினேன். அடுத்த வாரம் மூன்று தைத்துக்கொண்டு வந்தார், ஓரத்தில் லேஸ் வைத்து. "மூணு எதுக்கு?" என்றேன். ஒன்று மகளுக்கு, ஒன்று மாற்றுக்கு. மூன்றாவது, வராந்தாவில் எப்போதும் பக்கத்தில் உட்காரும் இன்னொரு குழந்தைக்கு. அந்த அம்மாவின் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

அந்தப் பீச்சாங்கைப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். தினம் அரைமணி நேரம் இடது கையில் ஒரு சாக்ஸை மாட்டிவிட்டு வலது கையால் விளையாட வைத்தார்கள். முதல் வாரம் அழுது தீர்த்தான். இரண்டாம் வாரம் சாக்ஸைப் பல்லால் கழற்றக் கற்றுக்கொண்டான், அதுவும் ஒரு மைல்கல் என்று எழுதிவைத்தேன். வலது கையை ஊன்றி உட்கார, வலது முட்டியில் எடையைப் போட்டு எழுந்து நிற்க, கட்டிலைப் பிடித்து வலப்பக்கமாக நகர என்று எல்லாவற்றையும் அம்மாயிதான் பழக்கினார். நான் சொன்னதைவிட அதிகமாகச் செய்தார். மிட்டாயை எப்போதும் வலது பக்கத்திலேயே வைப்பது அவர் கண்டுபிடித்தது.

இருபதாவது மாதத்தில் நடந்தான். அவன் அப்பா வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை செய்பவர். மகன் நடந்ததற்கு, சலங்கை வைத்த தண்டை ஒரு ஜோடி செய்து போட்டிருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். இடது கால் ஜல்லென்று விழுந்தது. வலது கால் சற்றுத் தாமதித்து, குதிகால் படாமல், பாதிச் சத்தம்தான் வந்தது. கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிளின்ட் வேண்டும் என்று சீட்டில் எழுதினேன்.

பதினொன்றே கால் பஸ்ஸில் வந்தவர்கள் ஒன்றே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வளாகத்துக்கு வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. அம்மாயி பையனைத் தூக்கக் குனிந்தார். "இரும்மா, நடக்கட்டும்" என்றார் அவன் அம்மா. வராந்தா நீளத்துக்கு அந்த ஒன்றரைச் சத்தம் கேட்டுக்கொண்டே போனது. நடுவில் ஒருமுறை நின்றது. கீழே கிடந்த எதையோ எடுக்கக் குந்தி உட்கார்ந்திருப்பான். மறுபடி தொடங்கியது.

பஸ் போய்விட்டது. அடுத்தது மூன்று மணிக்கு. மூவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கட்டைப்பையிலிருந்து சாப்பாட்டை எடுத்தார்கள்.