மீக்காத்தில் ஒரு குளிப்பு, மக்காவில் ஒரு குளிப்பு

பஸ் நின்றதும் எங்கள் குழுவின் மார்க்க வழிகாட்டியான ஹஜ்ரத் மைக்கை வாங்கினார். "முக்கால் மணி நேரம்தான். குளிப்பு, உளூ, ரெண்டு ரக்அத், நிய்யத். பஸ் நம்பரை எல்லாரும் ஞாபகம் வச்சுக்குங்க."

மதீனாவிலிருந்து உம்ரா என்கிற சிறு யாத்திரைக்காக மக்காவுக்குக் கிளம்புகிறவர்கள் இறங்கி, அதற்காக மனதில் உறுதிகொள்ளும், அதாவது நிய்யத் வைக்கும் இடம் அது. ஹதீஸில் அதன் பெயர் துல்ஹுலைஃபா, டிரைவர்கள் வாயில் அப்யார் அலி. மஸ்ஜிதுந்நபவியிலிருந்து பத்து கிலோமீட்டர்தான் இருக்கும். மக்காவுக்கோ இன்னும் 400 கிலோமீட்டருக்கு மேல். இஹ்ராம் என்கிற யாத்திரைக் கட்டுப்பாட்டு நிலைக்குள் வராமல் தாண்டக் கூடாத எல்லைகள்தான் மீக்காத்துகள். அவற்றிலேயே மக்காவுக்கு மிகத் தூரமானது இதுதான். இப்போது மதீனாவிலிருந்து அதிவேக ரயிலும் ஓடுகிறது. அதில் போகிறவர்கள் ஹோட்டலிலேயே குளித்து இஹ்ராம் உடுத்திவிடுகிறார்கள். எங்களுக்கு பஸ் வாய்த்ததை இன்றுவரை பாக்கியமாகத்தான் நினைக்கிறேன்.

பெண்கள் பக்கம் குளியலறைகளுக்கு முன் வரிசை. எனக்கு இரண்டு கதவு தள்ளி உள்ளே போன மருமகள் வெளியே வரவேயில்லை. தட்டினேன். கதவு ஒரு சாண் திறந்தது. முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"மாமி, வந்திருச்சு."

மாத்திரை போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். ஊரில் டாக்டரிடம் கேட்டு, நாள் கணக்குப் பார்த்து, போனில் அலாரம் வைத்து. அத்தனையும் மீறி வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா நிலைமையைப் புரிந்துகொண்டு, "அடப் பாவமே, இனி எப்படி நிய்யத்து வைக்கிறது? இத்தனை காசு செலவழிச்சு வந்தும்" என்று உச்சுக் கொட்டினார். பிள்ளைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இரு, ஹஜ்ரத்துகிட்ட கேப்போம்" என்றேன்.

"வேணாம் மாமி. ஆம்பளைகிட்ட போயி இதையா கேக்குறது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஏனென்றால் அவள் நின்றுகொண்டிருந்த அதே துல்ஹுலைஃபாவில், இதைவிடப் பெரிய ஒன்றை ஒரு பெண் ஆளனுப்பிக் கேட்டிருக்கிறார். ஹிஜ்ரி 10. நபி (ஸல்) அவர்கள் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட பெருங்கூட்டம் இங்கே தங்கியிருக்கிறது. அபூபக்கர் (ரலி) அவர்களின் மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) நிறைமாதக் கர்ப்பிணி. இங்கேயே பிரசவம் ஆகிவிட்டது, ஆண் குழந்தை. இந்தக் காலத்தில் என்றால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம். அவரோ, "நான் என்ன செய்யட்டும்?" என்று நபியவர்களிடம் கேட்டனுப்பினார். "குளித்துக்கொள், துணியால் கட்டிக்கொள், இஹ்ராம் செய்துகொள்" என்று பதில் வந்தது.

பிரசவித்தவளுக்கே கதவு திறந்திருக்கிற இடத்தில், ஹைளு (மாதவிடாய்) வந்தவளுக்கா மூடியிருக்கும்? அதைச் சொன்னதும் அழுகை நின்றது. உடனே அடுத்த கேள்வி. "அப்ப இப்ப குளிச்சா சுத்தமாயிடுவேனா மாமி?"

பலரும் குழம்புகிற இடம் இது. தண்ணீர் ஒன்றுதான், குளிப்பு இரண்டு. மீக்காத்தில் குளிப்பது இஹ்ராமுக்கான சுன்னத், நபிவழி. ஹைளு வந்தவளும் குளிக்கலாம், குளிப்பதுதான் சிறப்பு. ஆனால் அது தொடக்கை, அந்தத் தீட்டு நிலையை, நீக்காது. தொழுகை இல்லை, கஅபாவைச் சுற்றும் தவாஃப் இல்லை. இரத்தம் நின்ற பிறகு குளிக்கிறாளே, அதுதான் ஃபர்ளு, கடமை. நிய்யத்தும் வேறு, பலனும் வேறு.

குளித்துவிட்டு வந்தாள். நாங்கள் உள்ளே தொழப் போனபோது வெளியே ஒரு பேரீச்ச மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பஸ் நகர்ந்ததும் எல்லோரோடும் சேர்ந்து அவள் குரலும் கேட்டது: "லப்பைக், அல்லாஹும்ம லப்பைக்."

இந்தப் பயணத்தில் குளிப்பின் சட்டம் எங்களைப் பின்தொடர்ந்தே வந்தது என்று சொல்ல வேண்டும். மூன்று நாள் முன்பு உஹது போர்க்களத்துக்குப் போயிருந்தோம். மதீனாவுக்கு வடக்கே, பக்கத்திலேயேதான் இருக்கிறது. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெறும் மண், சில கற்கள். ஹம்ஸா (ரலி) உட்பட 70 ஷஹீதுகள், போரில் உயிர் நீத்தவர்கள், என்று சின்ன வயதில் ஒப்பித்த கணக்கு அந்த மண்ணைப் பார்த்ததும் தொண்டையை அடைத்தது. அவர்களில் ஹன்ளலா (ரலி) புது மாப்பிள்ளை. முதலிரவு கழிந்த விடியல், போருக்கு அழைப்பு. அவர் குளிக்கவும் நிற்காமல் ஓடினார். எதிரணியில் அவருடைய சொந்தத் தகப்பன் அபூஆமிர். ஹன்ளலா வெட்டுண்டு விழுந்த பிறகு, வானவர்கள் அவரைக் குளிப்பாட்டுவதை நபியவர்கள் கண்டார்கள். "அவர் மனைவியிடம் கேளுங்கள்" என்றார்கள். அந்தப் பெண் மறைக்கவில்லை: அழைப்பைக் கேட்டதும் குளிப்புக் கடமையான நிலையிலேயே புறப்பட்டார் என்றார்.

ஷஹீதுகளுக்குக் குளிப்பாட்டல் கிடையாது, இரத்தத்தோடுதான் அடக்கம். அது சட்டம். அந்தச் சட்டத்துக்குள் இந்த ஒருவருக்கு மட்டும் வானத்திலிருந்து தண்ணீர். ஒரு இளம் மனைவி வெட்கப்பட்டு வாயை மூடியிருந்தால், வானவர்கள் ஏன் குளிப்பாட்டினார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்குமா என்று அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நினைத்தேன்.

மதீனாப் பெண்கள் அப்படித்தான். உம்மு சுலைம் (ரலி) எல்லோர் முன்னும் கேட்கிறார்: "அல்லாஹ் உண்மையைச் சொல்ல வெட்கப்படுவதில்லை. கனவில் ஸ்கலிதம் ஆனால் பெண்ணுக்கும் குளிப்பு உண்டா?" நீரைக் கண்டால் உண்டு என்று பதில். ஆயிஷா (ரலி) அவர்கள் அன்சாரிப் பெண்களைப் புகழ்ந்ததே இதற்காகத்தான்: மார்க்கத்தை அறிந்துகொள்ள வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்று.

எங்கள் கீழக்கரையில் இதெல்லாம் கிசுகிசுப்பு. மதரஸாவில் உஸ்தாபி விரலை மடக்கி ஒப்பிக்க வைப்பார்: கூடுவது, இந்திரியம் வெளிப்படுவது, ஹைளு, நிஃபாஸ் (பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தம்), பிள்ளை பெறுவது, மவுத்து. எங்கள் சட்டப் பிரிவான ஷாஃபி மத்ஹபில் குளிப்பைக் கடமையாக்குகிற ஆறு. அர்த்தம் கேட்டால் "வளர்ந்தா தெரியும்". வளர்ந்த பிறகு உம்மா கேட்டது ஒரே கேள்வி, அதுவும் அடுப்படியில், முகத்தைப் பார்க்காமல்: "தலைக்கு ஊத்திட்டியா?" சுருட்டிய கூந்தலுக்குள் தண்ணீர் போகாவிட்டால் என்ன, நகப்பூச்சுக்கு அடியில் நனையாவிட்டால் என்ன என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. மருதாணி நிறம்தான், பாதகமில்லை. நெயில் பாலிஷ் படலம், தண்ணீரைத் தடுக்கும். இது எனக்குத் தெரியவந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம்.

ஆறாவதை மட்டும் நான் வெட்கமில்லாமல் கற்றுக்கொண்டேன். என் மாமியார் மவுத்தானபோது குளிப்பாட்ட நின்றவர்களில் நானும் ஒருத்தி. கடைசிக் குளிப்பை நாமாகக் குளிக்க முடியாது, இன்னொருவர் கை வேண்டும். அங்கேயும் அந்த அஸ்மாவே வருகிறார். ஹிஜ்ரி 13ல் அபூபக்கர் (ரலி) மறைந்தபோது குளிப்பாட்டியவர் அவர்தான். முடித்துவிட்டு வெளியே வந்து, மக்காவிலிருந்து குடிபெயர்ந்த தோழர்களான முஹாஜிர்களிடம் கேட்டாராம்: "நோன்பு வைத்திருக்கிறேன், குளிரோ கடுமை, நான் குளித்தாக வேண்டுமா?" வேண்டாம் என்றார்கள். மய்யித்தைக் குளிப்பாட்டியவர் குளிப்பது சுன்னத்துதான், கடமையில்லை. கணவனை இழந்த அந்த வேளையிலும் கேட்டுத் தெளிந்துகொள்கிற மனசு! ரவ்ளாவில் அபூபக்கர் (ரலி) அவர்களுக்கு ஸலாம் சொன்னபோது எனக்கு அஸ்மாவின் ஞாபகமும் சேர்ந்தே வந்தது.

மக்காவுக்கு நள்ளிரவில் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் அன்றே தவாஃபும், ஸஃபா மர்வா குன்றுகளுக்கு இடையே நடக்கும் சஈயும் முடித்து இஹ்ராமிலிருந்து வெளியே வந்துவிட்டோம். மருமகள் மட்டும் இஹ்ராமிலேயே ஹோட்டல் அறையில். ஜன்னலில் மணிக்கூண்டு தெரியும், கஅபா தெரியாது. நகம் வெட்டக் கூடாது, அத்தர் கூடாது, வாசனை சோப்பு கூடாது. மணமில்லாத சோப்பு என்று கீழே கடைகளில் தனியாகவே விற்கிறார்கள். நாள் முழுக்க தஸ்பீஹும் ஸலவாத்தும் துஆவும்தான். ஆயிஷா (ரலி) அவர்களுக்கே ஹஜ் பயணத்தில், மக்காவை நெருங்குகிற சரிஃப் என்ற இடத்தில் ஹைளு வந்து அழுதிருக்கிறார்கள். "இது ஆதமுடைய பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்தது. ஹாஜிகள் செய்வதையெல்லாம் செய், கஅபாவைத் தவாஃப் மட்டும் செய்யாதே" என்றார்கள் நபியவர்கள். அதை அவளிடம் எத்தனை தடவை சொன்னேனோ. சமாதானம் அவளுக்கா எனக்கா என்றுகூடத் தெரியவில்லை.

நாலாம் நாளே அவசரப்பட்டாள். "நின்ன மாதிரி இருக்கு மாமி, குளிச்சிரட்டுமா?" எனக்கும் ஆசைதான், எங்களுக்கு மக்காவில் எட்டு ராத்திரிதான் கணக்கு. ஆனால் பெண்கள் பஞ்சை ஒரு சிமிழில் வைத்து அனுப்பிக் காட்டியபோது, "வெண்மையைப் பார்க்கும்வரை அவசரப்படாதீர்கள்" என்று ஆயிஷா (ரலி) சொல்லியனுப்பினார்களே. இரு என்றேன். ஆறாம் நாள் விடிகாலை அவளே என்னை எழுப்பினாள்.

குளியலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். இடுப்பு வரை முடி, சடை போட்டு ஐந்தாறு நாள். பின்னலை அவிழ்க்காமல் குளிக்கலாமா என்று உம்மு ஸலமா (ரலி) கேட்டபோது, தலையில் மூன்று கை தண்ணீர் அள்ளி ஊற்றினால் போதும் என்று நபியவர்கள் இலகுவாக்கினார்கள். ஆனால் உள்முடிவரை நனைய வேண்டும். இவள் பின்னலின் இறுக்கத்துக்குத் தண்ணீர் உள்ளே போகாது. அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். இஹ்ராமில் இருக்கிறாள், ஒரு முடிகூட வேண்டுமென்று பிய்க்கக் கூடாது. சீப்பைத் தொடவில்லை. ரப்பர் பேண்டைக் கத்தரித்தே எடுத்தேன். நுனியிலிருந்து ஒவ்வொரு பிரியாக, சிக்கு விழுந்த இடத்தில் நகத்தை வைக்காமல் விரல் நுனியால். கால் மணி நேரம் ஆனது. நூல் சிக்கெடுப்பதுபோல இருந்தது. என் பெண்ணுக்குக்கூட இத்தனை பொறுமையாகத் தலை பிரித்ததில்லை.

"கடமையான குளிப்பைக் குளிக்கிறேன்னு நெனச்சுக்க. காது மடலுக்குப் பின்னால, தொப்புள், மோதிரத்துக்கு அடியில..." அடுக்கிக்கொண்டே போனேன். பக்கத்து அறையில் தங்கியிருந்த திண்டுக்கல்காரப் பெண், "வாய் கொப்பளிச்சு மூக்குக்குத் தண்ணி விடணும், அதுவும் ஃபர்ளு" என்று எட்டிப் பார்த்துச் சொன்னார். அவர்கள் ஹனஃபி. எங்களுக்கு அது சுன்னத். எப்படியும் செய்யப்போவதுதானே. ஐந்து நாள் முன்பு யாரிடமும் கேட்கக் கூடாது என்று கெஞ்சிய பிள்ளை, இப்போது உள்ளேயிருந்து இரண்டு மத்ஹபையும் சத்தமாக விசாரித்துக்கொண்டிருந்தது. நபியவர்கள் ஒரு ஸாவு தண்ணீரில், ஏறக்குறைய மூன்று லிட்டரில், குளித்திருக்கிறார்கள். ஷவர் சத்தம் நிற்கிற வழியாக இல்லை. நானும் கதவைத் தட்டவில்லை.

லுஹருக்கு முன் ஹரம் பள்ளிவாசலுக்குள் கூட்டிப்போனேன். தலையைக் குனிந்தே வந்தாள். கஅபாவைச் சுற்றும் தளமான மதாஃபின் ஓரத்தில் நிமிரச் சொன்னேன். நிமிர்ந்தவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. தொடங்கும் இடத்தைக் காட்டும் பச்சை விளக்குக்கு நேரே வந்து தவாஃபைத் தொடங்கும்வரை அவள் தல்பியா, அந்த 'லப்பைக்' முழக்கம், நிற்கவில்லை. பிறகு ஏழு சுற்று, மகாமு இப்ராஹீமுக்குப் பின்னால் இரண்டு ரக்அத், ஜம்ஜம், ஸஃபாவிலிருந்து மர்வா வரை ஏழு நடை. மகன் முன்னால் போய்ப்போய்த் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

அறைக்கு வந்ததும் துப்பட்டியைத் தளர்த்தி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அந்த அடர்ந்த முடியை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, நுனியில் ஒரு விரற்கடை அளவு கத்தரித்தேன். இஹ்ராம் முடிந்தது. முடியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்:

"மாமி, இனிமே அந்த மல்லிகை சோப்பு போடலாம்ல?"