“காலையில” என்று சொன்னது

“பிரெட்னிசலோன் ஆரம்பிச்சிடட்டுமா மேடம்?”

“வேண்டாம். காலையில ஸ்மியர் பார்த்துட்டு ஆரம்பிக்கலாம்.”

இரவு பதினொரு மணிக்கு, டியூட்டி டாக்டர் கேட்டதும் நான் சொன்னதுமாக அரை நிமிடப் பேச்சு. பிரெட்னிசலோன் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை. ஸ்மியர் என்பது ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

நான்கு வயது, 14 கிலோ. பிளேட்லெட் 11,000. கால்களில் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் விட்டுவிட்டு ரத்தம், பத்து நாள் முன்பு சளிக்காய்ச்சல். இதுவரை ஐ.டி.பி., அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே பிளேட்லெட்டை அழிக்கும் நோய் என்றே சொல்லலாம். ஆனால் ஹீமோகுளோபின் 8.4, அதாவது சிவப்பணுவும் குறைவு. ஐ.டி.பி.யில் பிளேட்லெட் மட்டும்தான் குறைய வேண்டும். கூடவே இன்னோர் அணுவும் குறைந்திருந்தால், ரத்தப் புற்றுநோய் இல்லையென்று பார்க்காமல் ஸ்டீராய்டைத் தொடக்கூடாது.

லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்க்கும் அதுதான் முதல் மருந்து. சில நாட்களில் பிளாஸ்ட் என்ற முதிராத புற்றுசெல்கள் ரத்தத்திலிருந்து மறையலாம், குழந்தையும் தேறியதுபோல் தெரியும். நோய் திரும்பி வரும்போது எடுக்கும் வெள்ளையணு எண்ணிக்கை உண்மையான தொடக்க எண்ணிக்கையாக இருக்காது. எட்டாம் நாளில் பிளாஸ்ட் 1,000-க்குக் கீழே வந்ததா என்று பார்த்து ஆபத்து வகை பிரிப்பதும் கெட்டுப்போகும். செல்கள் மொத்தமாக உடைந்தால் யூரிக் அமிலமும் பொட்டாசியமும் ஏறிச் சிறுநீரகம் அடிபடும். ரத்த அணுக்களை எண்ணும் எந்திரம் பிளாஸ்டை லிம்போசைட் என்ற சாதாரண வெள்ளையணுக் கணக்கில் சேர்த்துவிடுவதும் உண்டு. அதனால் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். இவ்வளவும் தெரிந்து சொன்ன பதில்தான்.

ஆனால் அதே ரத்தப் பரிசோதனைத் தாளில் எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 61 என்றும் இருந்தது. இயல்பைவிடச் சிறியது. ரத்தப் புற்றுநோயின் சோகையில் சிவப்பணு பெரும்பாலும் இயல்பான அளவில்தான் இருக்கும். 61 என்றால் முதலில் நினைக்க வேண்டியது இரும்புச்சத்துக் குறைவு. அதைக் கேட்கவில்லை. மண்ணீரல் தட்டுப்படுகிறதா, கால் வலி என்று அழுதானா என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஸ்மியர் தேவைதான். இரும்புச்சத்து குறைந்த குழந்தைக்கும் ரத்தப் புற்றுநோய் வரும்.

மூன்று மணிக்கு மறுபடி மூக்கில் ரத்தம். ரத்தக்கசிவை நிறுத்த உதவும் டிரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த காஸை வைத்து அடைத்தார்கள். பதினொரு மணிக்கே மாத்திரை கொடுத்திருந்தாலும் அதற்குள் பிளேட்லெட் ஏறியிருக்காது. இரண்டு மூன்று நாளாவது ஆகும். இது ஆறுதலுக்காகச் சொல்வதல்ல, மருந்து வேலை செய்யும் விதம் அது.

காலையில் ஸ்மியரில் ஐ.டி.பி.யில் வரும் பெரிய பிளேட்லெட்டுகள், இரும்புச்சத்துக் குறைவில் வரும் சிறுத்து வெளிறிய சிவப்பணுக்கள். வால்பகுதி வரை தேடியும் ஒரு பிளாஸ்ட்கூட இல்லை. உடனே ஸ்டீராய்டு தொடங்கியது, தினமும் கிலோவுக்கு 4 மில்லிகிராம், ஐந்து நாள்.

“இந்த டெஸ்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும் டாக்டர்?” என்று அம்மா கேட்டார்.

“அரை மணி நேரம்மா.”

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. ஒரு சொட்டு ரத்தம், ஒரு கண்ணாடித் தகடு, லீஷ்மன் சாயம். இரவிலும் அதே அரை மணி நேரம்தான். ஸ்மியர் பார்த்துவிட்டு என்பது விதி. “காலையில” என்பது எந்த விதியிலும் இல்லை. அந்தக் குழந்தையின் அம்மா ஈரத்துணியை மாற்றி மாற்றி விடியும்வரை உட்கார்ந்திருந்தது அந்த ஒரு சொல்லுக்காக.