மந்தையின் நினைவு

மேய்ச்சல் வாழ்வைப் பால், கம்பளி, இறைச்சிக் கணக்காக மட்டும் பார்ப்பவர்களுக்கு மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்து வழக்கம் ஒன்று விளங்காது. ஈன்ற குட்டியை ஏற்க மறுக்கும் தாய் ஒட்டகத்தின் அருகே, அல்லது தாயை இழந்த குட்டியை வேறொரு தாயிடம் சேர்க்க வேண்டிய வேளையில், குதிரைத்தலை கொண்ட நரம்பிசைக் கருவியை இசைத்து, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பாடி, அது மனம் இளகி மடி கொடுக்கும்வரை மேய்ப்பர்கள் முயல்கிறார்கள். அவசரமாகக் காக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ இதனை 2015ஆம் ஆண்டில் சேர்த்தது; ஒட்டகத்தின் இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்துவரும் காலத்தில் அதில் வியப்பில்லை.

இவ்வுறவு ஒருவழிப்பட்டதும் அன்று. முட்டாள்தனத்துக்கு உவமையாக்கப்படும் செம்மறியாடு (அநியாயமான உவமை அது), 50 சக ஆடுகளின் முகங்களை இரண்டு ஆண்டுகள் நினைவில் வைத்திருப்பதை 2001இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பழகிய மனித முகங்களையும் அது பிரித்தறிகிறது.