மார்பை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா

இலங்கை மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் சத்திரசிகிச்சை கிளினிக்கில் தாதியாக வேலை செய்கிறேன். மார்புப் புற்றுநோய் ஆரம்ப நிலையில் தெரியவரும் பெண்களுக்கு எந்த ஒப்பரேஷன் என்பது முடிவாகிற இடம் அது. டொக்டர் சொல்வதைத் தமிழில் விளக்குவது, பிறகு மருந்து கட்டுவது, வருடக்கணக்கில் செக்கப்புக்கு வருகிறவர்களைப் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. அதனால் தையல் பிரித்த அன்று மார்பு எப்படி இருந்தது என்பதோடு, மூன்று வருடம் கழித்து அது எப்படி ஆகியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவர்களில் பாதிப்பேர் உட்காரும் முன்பே சொல்லிவிடுவார்கள்: "முழுசா எடுத்துரச் சொல்லுங்க மிஸி. மிச்சம் வச்சா மறுபடி வந்துரும்." அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு கரண்ட் பிடித்த (கதிர்வீச்சு சிகிச்சையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பெண்களும், மார்பையே எடுத்த பெண்களும் ஒரே அளவு காலம்தான் வாழ்கிறார்கள். இத்தாலியில் உம்பர்ட்டோ வெரொனேசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் 1970களில் தொடங்கிய ஆய்வுகளில் பெண்களை 20 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள்; முடிவு 2002இல் வெளிவந்தது. கரண்ட் பிடிப்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது. ஃபிஷரின் ஆய்வில் அது இல்லாதவர்களில் 100க்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. பிடித்தவர்களில் 14 பேருக்கு. இன்றைய மருந்துகளோடு இந்த எண்கள் இன்னும் குறைந்திருக்கின்றன.

சரி, அப்படியானால் ஏன் இத்தனை பேர் மொத்தமாக எடுக்கச் சொல்கிறார்கள்? பயம் ஒரு காரணம். தூரம் இன்னொன்று, அதுதான் பெரியது. கரண்ட் பிடிக்க கண்டிக்கோ மஹரகமைக்கோ போக வேண்டும். முன்பு வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம், 25 தடவை. இப்போது பலருக்கு 15 தடவையில், மூன்று வாரத்தில் முடிந்துவிடுகிறது. ஆனாலும் மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ லயன் வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு மூன்று வாரம் என்பது எவ்வளவு பெரிய காலம்! சிகிச்சை இலவசம்தான். தங்குவதற்கு? பிள்ளைகளுக்கு யார் சமைப்பது? கொழுந்து பறிக்க மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் ஒருத்தி மார்பை இழக்கச் சம்மதிக்கிறாள். அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒன்றை முன்பே சொல்லியாக வேண்டும்: மார்பை எடுத்தாலும், அக்குளில் உள்ள நிணநீர்க் கட்டிகளுக்கு நோய் போயிருந்தால் பெரும்பாலும் கரண்ட் பிடிக்கத்தான் வேண்டும். பஸ்ஸுக்குப் பயந்து மார்பைக் கொடுத்துவிட்டு, பிறகு அதே பஸ்ஸில் ஏறிய பெண்ணுக்கு யார் என்ன ஆறுதல் சொல்ல முடியும்?

மார்பை வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்பதற்கு எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. மார்பு எவ்வளவு பெரிது, அதில் கட்டி எவ்வளவு, எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது அது. மேலே, அக்குள் பக்கமாக இருந்தால் அநேகமாக நன்றாக வரும். கீழ்ப்பக்கம் என்றால் தழும்பு இழுத்து முலைக்காம்பு கீழ்நோக்கித் திரும்பிவிடலாம். மேலே உள்பக்கமாக இருந்தால் ஜாக்கெட் கழுத்தருகே பள்ளம் தெரியும். மார்பின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தால் சும்மா தைத்து மூடினால் போதாது; மீதியுள்ள சதையை நகர்த்தி உருவம் கொடுக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த டொக்டர், ஒப்பரேஷனுக்கு முன் பெண்ணை நிமிர்ந்து உட்கார வைத்துப் பேனாவால் கோடு போடுவார். படுத்தால் மார்பு பக்கவாட்டில் சரிந்துவிடும், மடிப்பு எங்கே விழுகிறது என்று தெரியாது. அந்த ஐந்து நிமிடத்தை யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

இன்னொன்றும் சொல்வேன். முதல் சில மாதம் உள்ளே நீர் தேங்கி மார்பு நிறைவாகத் தெரியும். கரண்ட் பிடித்த பிறகு மெல்ல இறுகும், கொஞ்சம் சுருங்கும். ஆகவே ஒரு வருடமாவது போகாமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது.

முழுவதும் எடுத்தவர்களுக்குத் தழும்பைவிட ஓரத்தில், அக்குளுக்குக் கீழே, சில வேளை மிஞ்சிவிடும் மடிப்புத் தோல்தான் தொந்தரவு. கை அசையும்போதெல்லாம் ஜாக்கெட் அதில் உரசும். ஒரு அக்கா ஜாக்கெட்டுக்குள் பஞ்சை மட்டும் வைத்துத் தைத்திருந்தார். கையைத் தூக்கினால் அது கழுத்துவரை ஏறிவிடும், அதனால் உள்ளே ஊசி குத்தி வைத்திருந்தார். பஞ்சை ஒரு பையில் போட்டு, அதன் அடியில் கொஞ்சம் பாரம் வைத்துத் தைக்கச் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது ஊசி இல்லை.

புதிதாக மார்பு அமைப்பதும் உண்டு. சிலிக்கன் வைத்த இடத்தில் கரண்ட் பிடித்தால் அதைச் சுற்றி இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம். வயிற்றுச் சதையை எடுத்து வைப்பது நீண்ட ஒப்பரேஷன். முதுகின் பெரிய தசையைத் திருப்பி முன்னால் கொண்டுவருவது நல்ல முறைதான், ஆனால் கையைக் கீழே, பின்னே இழுக்கிற தசை அது. ஆபீஸில் வேலை செய்கிற பெண் அதன் குறையை அவ்வளவாக உணர மாட்டார். நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, முதுகில் கூடையைச் சுமந்து மலை ஏறுகிறவளிடம் அதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கக் கூடாது. உடனே செய்துகொள்ளாவிட்டாலும் பிறகு செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

அக்குளும் அப்படித்தான். அங்குள்ள நிணநீர்க் கட்டிகளை எல்லாம் எடுத்தால் ஐந்தில் ஒருத்திக்குக் கை வீங்கும். மார்பிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் கட்டியை மட்டும் சாயம் விட்டுக் கண்டுபிடித்து எடுத்தால் இருபதில் ஒருத்திக்குத்தான். தேயிலைச் செடி கீறாமல், அட்டை கடிக்காமல் மலையில் யார் வேலை செய்ய முடியும்? வீங்கிய கையில் அந்தக் கீறல் ஒன்றே போதும், காய்ச்சலோடு வாட்டில் சேர்ப்பதற்கு.

"இந்த வயசுல இதுக்கென்ன" என்று கூட வந்தவர்கள் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அறுபது வயதுக்காரி திருவிழாவுக்குச் சேலை கட்டுவதில்லையா? பீலியில் மற்றப் பெண்களோடு குளிப்பதில்லையா? அதனால் வீட்டுக்காரரைக் கூப்பிடும் முன் அவளோடு தனியாகப் பேசுவேன். அனுமதி தந்த பெண்களின், முகம் தெரியாத படங்கள் சில கிளினிக்கில் இருக்கின்றன. நன்றாக வந்ததையும் சரியாக வராததையும் சேர்த்தே காட்டுவேன். சிலர் பார்த்துவிட்டு மார்பை வைத்துக்கொள்கிறோம் என்பார்கள், சிலர் பார்த்த பிறகும் எடுத்துவிடச் சொல்வார்கள். இரண்டும் எனக்குச் சம்மதம்.

முடிவு சொல்ல அன்றே தேவையில்லை. ஒரு வாரம் யோசிப்பதால் நோய் கைமீறிப் போய்விடாது. அடுத்த கிளினிக் நாளை அட்டையில் எழுதிக் கொடுத்து, கண்டியில் தங்கக்கூடிய சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டு வரச் சொல்கிறேன்.