மெய்ப்பு மேசையில் கற்ற ஓய்வு

ஒரே பிரதியை இடைவெளியின்றி நெடுநேரம் படித்தால், ஒரு கட்டத்துக்குப் பிறகு கண் எழுத்துகளைப் பார்ப்பதை விட்டுவிடுகிறது என்பது அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கும் மெய்ப்புத் திருத்துவோர் அனைவரும் அறிந்தது. அங்கே என்ன இருக்க வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறதோ அதையே படித்துக்கொண்டு போகிறோம்; விடுபட்ட ஒற்றும் இரண்டு முறை அச்சான சொல்லும் கண்ணில் படுவதில்லை. அதனால்தான் எங்கள் பிரிவில் முக்கியமான பிரதிகளை ஓர் இரவாவது ஆறப்போட்டு, மறுநாள் காலையில் மீண்டும் படிக்கும் வழக்கம் இருந்தது. பிரதியை ஆறப்போட யாரும் தயங்கியதில்லை. உண்மையில் அந்த இரவில் தாளில் எதுவும் மாறுவதில்லை, படிப்பவரின் மனம்தான் தெளிகிறது என்பதை நான் உணரப் பல ஆண்டுகள் ஆயின.

ஓய்வு பிரதியின் பெயரில் கிடைத்தால் அது பணிமுறை. அதே ஓய்வை நமக்கென்று கேட்டால் ஏதோ குற்றம் செய்வது போன்ற உறுத்தல். விடுப்பு விண்ணப்பத்தில் ஒரு வரி போதும் என்ற இடத்தில் நான்கு வரிகளுக்குக் காரணம் எழுதுகிறோம். உடல்நலம் கெட்டால் மட்டுமே ஓய்வெடுக்கத் தகுதி உண்டு என்று நம்புவதால், காய்ச்சல் வந்த நாளில் ஒருவித நிம்மதி பிறப்பதைக்கூடச் சக ஊழியர்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அது எனக்கு மிகுந்த வருத்தம் தந்த செய்தி.

இந்த உறுத்தல் ஓய்வையே கெடுத்துவிடுகிறது. படுத்திருந்தபடியே அலுவலகக் குறுஞ்செய்திகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர் வேலையும் செய்யவில்லை, ஓய்வும் எடுக்கவில்லை. ஆனால் உடலின் கணக்கு நம் மனச்சான்றைக் கேட்டு நடப்பதில்லை. விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. தூக்கம்தான் அதைக் குறைக்கிறது. காபி அடினோசினின் வேலையைச் சிறிது நேரம் தடுத்துச் சோர்வை மறைக்கிறதே தவிர நீக்குவதில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவருக்கு இருக்கும் அளவுக்கு மந்தமாகிவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த நிலையில் திருத்திய பக்கத்தை நம்பி அச்சுக்கு அனுப்ப எந்தப் பிரிவுத் தலைவரும் துணியமாட்டார். எங்கள் பிரிவின் மூத்த அம்மையார் ஒருவர், இரவு வெகுநேரம் உட்கார்ந்திருப்பவர்களிடம், "கண் மட்டும் படிச்சா போதாதும்மா, மனசும் கூடப் படிக்கணும், எடுத்து வெச்சுட்டுக் கிளம்புங்க" என்பார். அதில் பரிவும் இருந்தது, தொழில் நேர்மையும் இருந்தது.

ஓய்வு என்பது வேலையை முடித்தவருக்குத் தரப்படும் பரிசு அன்று. தொழிற்சாலைகளில் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919-இல் தன் முதல் உடன்படிக்கையாகவே வகுத்தது. 1948-ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைகள் பிரகடனத்தின் 24-ஆவது பிரிவு, ஓய்வுக்கான உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது; கையிலிருக்கும் வேலையை முடித்தவர்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. அலுவலக வேலைக்கு முடிவு என்று ஒன்று இல்லாததால், முடித்த பிறகு ஓய்வு என்று காத்திருப்பவருக்கு ஓய்வு வாய்ப்பதே இல்லை.

எனக்கு உதவிய பழக்கம் மிகச் சிறியது. கிளம்பும் முன் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் நிறுத்தினேன் என்று பென்சிலால் குறித்து, மறுநாள் முதலில் செய்ய வேண்டியதையும் ஓரத்தில் எழுதிவிடுவேன். மிச்சமிருப்பது தாளில் ஏறிவிட்டால், அதை இரவெல்லாம் மனத்தில் சுமக்கத் தேவையில்லை.

எனினும், இதை முழுக்கத் தனிமனிதரின் பழக்கமாகப் பார்ப்பது நியாயமில்லை என்றே கருதுகிறேன். உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆவது பதிப்பில், பணிச்சோர்வை, சரியாகக் கையாளப்படாத நெடுநாள் பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே விவரிக்கிறது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35 விழுக்காடு அதிகம் என்று அந்நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. நள்ளிரவில் செய்தி அனுப்பிவிட்டு, "நன்றாக ஓய்வெடுங்கள்" என்று காலையில் அறிவுரை சொல்லும் மேலாளரால் யாருடைய உறுத்தலும் தீராது.

உறுத்தலின் பெரும்பகுதி, நாம் இல்லாத நாளில் நம் சுமை இன்னொருவர் தலையில் விழுமே என்ற அக்கறையிலிருந்து வருகிறது. அந்த அக்கறை நல்லது. அதற்கு விடை காண வேண்டியது அலுவலகம். பிரிவின் பொறுப்பு என்னிடம் வந்தபின், விடுப்பு கேட்பவர்களிடம் காரணம் கேட்பதை நிறுத்திவிட்டேன். எந்தத் தேதி, எந்தப் பிரதி யாரிடம் போகிறது, அதை எடுத்துக்கொள்பவருக்கு எந்த வேலையைக் குறைக்கலாம் என்பதை மட்டும் மூவருமாக உட்கார்ந்து பேசி முடிக்கிறோம்.