எழுத்துக் குழுவுக்குப் புதியவர் வரும்போது: முதல் மூன்று கூட்டங்கள்

கல்லூரியிலோ ஊர் நூலகத்திலோ கதை, கவிதை எழுதுகிற ஏழெட்டுப் பேர் மாதம் இருமுறை கூடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வருகிறவர் பெரும்பாலும் தன் முதல் கதை பேசப்பட்ட கூட்டத்தோடு நின்றுவிடுவார். பிறர் எழுத்தைப் பற்றிப் பேசிப் பழகுவதற்கு முன்பே தன் எழுத்தை மேசையில் வைக்கவேண்டி வந்ததுதான் அதற்குக் காரணம். அதனால் முதல் கூட்டத்தில் கேட்கட்டும், இரண்டாவதில் பேசட்டும், மூன்றாவதில் தன் படைப்பைத் தரட்டும். ஆர்வத்தோடு கதையைக் கையிலேயே கொண்டுவந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டு, எந்தத் தேதியில் எடுத்துக்கொள்வோம் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள்.

அவரைக் கவனித்துக்கொள்ள உறுப்பினர்களில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஒருங்கிணைப்பாளர் வேண்டாம், அன்று அவருக்கு வேறு வேலைகள் இருக்கும். இடம், நேரம், எத்தனை பேர் வருவார்கள், எப்போது முடியும் என்பதைப் பொறுப்பாளர் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். அந்தக் கூட்டத்துக்கான கதைகளோடு, ஏற்கெனவே பேசி முடித்த ஒரு பழைய வரைவையும், எழுதியவரின் சம்மதத்தோடு, எல்லோருடைய குறிப்புகளும் இருக்கும்படியே அனுப்பலாம். விதிமுறைகளை விளக்குவதைவிட அந்த ஒரு தாள் அதிகம் கற்றுக்கொடுக்கும்.

அறிமுகச் சுற்றில் "யாரையெல்லாம் படிச்சிருக்கீங்க?" என்று கேட்காதீர்கள். முதலாண்டு இயற்பியல் படிக்கிற தங்கைக்கு அது வாய்மொழித் தேர்வாகிவிடும். "இப்ப எதை எழுதிட்டிருக்கீங்க?" என்று கேட்டால் போதும்.

முதல் கூட்டத்தில் அச்செடுத்த கதையையும் ஒரு பென்சிலையும் கொடுத்து மூன்றே இடங்களைக் குறிக்கச் சொல்லுங்கள்: மனம் நின்ற இடம், குழம்பிய இடம், கண் தாவிப் போன இடம். அவர் பேசவேண்டியதில்லை. இரண்டாவது கூட்டத்தில் அதே மூன்று குறிப்புகளை வைத்துக்கொண்டு பேசுவார். "நல்லா இருக்கு, ஆனா ஏதோ குறையுது" என்று சொன்னால் எழுதியவர் அதை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. "மூன்றாம் பக்கத்துல அண்ணி கதவைத் திறந்ததும் இது யாரோட கதைன்னு எனக்குப் புரியல" என்றால் எந்த வரியைத் திருத்தலாம் என்று தெரிந்துவிடும். பேராசிரியரோ மூத்த எழுத்தாளரோ குழுவில் இருந்தால் அவர் கடைசியாகப் பேசட்டும். அவர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள்.

மூன்றாவது கூட்டத்துக்குச் சிறுகதையென்றால் 800 முதல் 1,200 சொற்கள், கவிதையென்றால் இரண்டு கேளுங்கள். நாவலின் ஓர் அத்தியாயம் வேண்டாம். முன்கதை என்ன, பின்னால் என்ன நடக்கும் என்று கேட்டே நேரம் போய்விடும். ஐந்து நாள் முன்பாகக் கைக்கு வரவேண்டும். யூனிகோடில், பக்க எண்ணும் வரி எண்ணும் போட்டு, வரிகளுக்கிடையே குறிப்பெழுத இடம்விட்டு இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் மற்றவர் கைபேசியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், ஆகவே யூனிகோடுக்கு மாற்றியே அனுப்பச் சொல்லுங்கள். உருமாற்றும்போது கொம்பும் காலும் இடம்மாறும். ஒருமுறை வரிவரியாகப் பார்த்துவிடுவது நல்லது.

எப்படிப் பேசுவது என்பதில் இரண்டு வழிகள் உண்டு. அமெரிக்காவில் 1956இல் மில்ஃபோர்டில் தொடங்கிய அறிவியல் புனைகதை எழுத்தாளர்களின் கூடுகை வழியாகப் பரவியது ஒன்று: வட்டமாக அமர்ந்து ஆளுக்குச் சில நிமிடம் பேசுவார்கள், எழுதியவர் இறுதிவரை வாய் திறக்கமாட்டார். இந்த மௌனத்துக்குக் காரணம் இருக்கிறது. "இல்ல, அங்க நான் என்ன சொல்லவந்தேன்னா" என்று அவர் தொடங்கிவிட்டால், தாளில் உள்ள கதையை விட்டுவிட்டு அவர் விளக்கிய கதையைக் குழு பேசத் தொடங்கும். நேரக் கணக்கும் சரியாக வரும். எட்டுப் பேர் குழுவில் ஏழு பேருக்கு மூன்று நிமிடம், எழுதியவருக்குப் பத்து நிமிடம், முதல் பக்கத்தை அவர் சத்தமாக வாசிக்க ஐந்து நிமிடம் என்றால் ஒரு கதைக்கு 36 நிமிடம். இரண்டு மணி நேரத்தில் இரண்டு கதை நிதானமாக முடியும், மூன்றாவதைத் திணிக்கவேண்டாம்.

ஆனால் முதல் படைப்புக்கு இந்த மௌனம் கடுமையானது. அதற்கு நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய நான்கு படி முறையே பொருத்தம் என்பது எங்கள் உறுதியான கருத்து. முதலில் படைப்பில் தங்களைத் தொட்டது எது என்று எல்லோரும் சொல்வார்கள். அடுத்து எழுதியவர் தனக்குள்ள சந்தேகங்களைக் கேட்பார். மூன்றாவதாக மற்றவர்கள் அபிப்பிராயம் கலக்காத கேள்விகளைக் கேட்கவேண்டும். இங்கேதான் பெரும்பாலும் சறுக்கும். "முடிவை ஏன் இப்படி அவசரமா முடிச்சீங்க?" என்பது கேள்வி வேடத்தில் வந்த தீர்ப்பு. "முடிக்கும்போது வாசகர் மனசுல எது நிக்கணும்னு நினைச்சீங்க?" என்றால் அவர் யோசித்துப் பதில் சொல்வார். கடைசியாக, "உரையாடல் பத்தி எனக்கு ஒரு கருத்து இருக்கு, சொல்லலாமா?" என்று அனுமதி கேட்டுச் சொல்வது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை எழுதியவருக்கு உண்டு. மூன்றாவது படைப்பிலிருந்து மில்ஃபோர்டு முறைக்கு மாறிக்கொள்ளலாம்.

தமிழ்க் குழுக்களில் நேரத்தைத் தின்பது ஒற்றுப்பிழை. வல்லினம் மிகுமா மிகாதா என்று கூட்டத்தில் வாதிடாதீர்கள். தாளிலேயே வட்டமிட்டுக் கொடுத்துவிடலாம். வட்டார வழக்கில் இன்னும் கவனம் வேண்டும். பாத்திரம் "வந்துட்டு போவும்ல" என்று பேசினால் அதை "வந்துவிட்டுப் போகும் அல்லவா" என்று திருத்தாதீர்கள். அந்தப் பாத்திரத்தின் மற்ற பேச்சும் அதே ஊர்ப் பேச்சாக இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். முதல் கதையிலேயே வழக்கைத் திருத்திவிட்டால் அடுத்த கதையை எல்லோரும் எழுதுகிற பொதுநடையில் எழுதிக்கொண்டு வருவார், அவர் குரல் போய்விடும்.

குழுவுக்கு அனுப்பிய வரைவை யாரும் வெளியே பகிரக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லுங்கள். பல சிறுகதைப் போட்டிகள் வெளிவராத படைப்பையே கேட்கின்றன. யாராவது ஆசையாக முகநூலில் போட்டுவிட்டால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போகலாம்.

கூட்டம் முடிந்ததும் குறிப்பெழுதிய தாள்களையெல்லாம் எழுதியவரிடமே கொடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் தொடாமல் வைத்துவிட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் இடறியிருந்தால் அந்த இடத்தில் கோளாறு இருக்கிறது. அதை எப்படிச் சரிசெய்வது என்பதில் மூவரும் மூன்று விதமாகச் சொல்லியிருப்பார்கள். அதை எழுதியவர்தான் முடிவு செய்யவேண்டும்.

அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு அவர் வராவிட்டால் வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் முன்னிலும் "ஏன் வரல?" என்று கேட்காதீர்கள். பொறுப்பாளர் மட்டும் தனியாக அழைக்கட்டும். பருவத் தேர்வு நேரமாக இருக்கலாம், கதை பேசப்பட்ட விதம் மனதில் உறுத்திக்கொண்டும் இருக்கலாம். எதுவானாலும், படைப்பு எதுவும் தராமல் வந்து மற்றவர் கதையை மட்டும் வாசித்துப் பேச விருப்பமா என்று கேட்டு, அடுத்த கூட்டத்துக்கான கதையை அனுப்பிவைக்கட்டும்.